போத்தா, விதையா, ஒட்டா? தூண் கள்ளி வளர்க்க நினைப்பவர்களுக்கு

போன சித்திரையில் பழைய மாணவன் ஒருவன் தொட்டியும் கையுமாக வந்து நின்றான். தொட்டியில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைத் தண்டு. அதன் தலையில் குங்குமச் சிவப்பில் ஓர் உருண்டை. “சார், இது உங்க வீட்டுக் கள்ளி மாதிரி மாடி உயரம் வர எத்தனை வருஷம் ஆகும்?” என்று கேட்டான். வரவே வராது என்று உடனே சொல்ல மனசு வரவில்லை. காபி கொடுத்த பிறகுதான் சொன்னேன்.

தஞ்சாவூரில் என் வீட்டுக் கள்ளி பூக்கும் இரவில் பார்க்க வரும் பிள்ளைகள் எல்லாரும் ஆசையோடுதான் திரும்பிப் போகிறார்கள். மறுவாரம் வாங்குவது வேறு ஏதோ. கைப்பேசியில் பார்த்த நிறத்துக்காக ஒருத்தி வாங்குகிறாள். “வாங்குறதுதான் வாங்குற, பெரிசா வாங்கு” என்ற அப்பாவுக்காக ஒருவன். “முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாது” என்ற அம்மாவுக்குப் பயந்து முள் இல்லாத குட்டியாகத் தேடி எடுத்தாள் இன்னொருத்தி. அந்த வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. அதன் ஓரமெல்லாம் முள்.

நான் சொல்லும் தூண் கள்ளி, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செரியஸ். விளக்கு வைத்த பிறகு மொட்டு அவிழத் தொடங்கும். நடுராத்திரிக்குள் ஒரு சாண் நீள வெள்ளைப் பூ முழுதாக விரிந்திருக்கும். காலை வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். தட்டைத் தண்டில் பூக்கும் நிஷாகந்தி வேறு. வேலியோரத்துச் சதுரக்கள்ளி உறவே இல்லை. ஊசியால் குத்தினால் அதில் பால் வடியும், செரியஸில் தண்ணீர்தான் கசியும். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் நிற்பது இந்தப் பால் கள்ளிக் கூட்டம்தான். காக்டஸ் குடும்பம் நம் ஊருக்கு வந்தது ஐரோப்பியக் கப்பல்கள் வரத்தொடங்கிய பிறகு.

இந்தத் தூண் கள்ளியை வீட்டுக்குக் கொண்டுவரச் சில வழிகள் உண்டு. வளர்ந்த செடியாகவே வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசு இருந்தால் வாங்கலாம். நிழல்வலைக்குள் வளர்ந்ததைக் கொண்டுவந்து அன்றைக்கே மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். அந்தத் தழும்பு மாறாது. பத்துப் பதினைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுங்கள்.

விதை, படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் இந்தக் கள்ளி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பழம் வைக்க வேறு விதையில் பிறந்த செடி ஒன்று பக்கத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரே தாயிலிருந்து நடுவதற்கு வெட்டிய இரண்டு கிளைத்துண்டுகள், அதாவது போத்துகள், கணக்குக்கு ஒரே செடி. விதை முளைக்க இரண்டு மூன்று வாரம் போதும், பூக்கப் பல வருஷம் ஆகும். சினிமாவில் பார்த்த, இரண்டு கையையும் தூக்கி நிற்கும் அரிசோனா சகுவாரோவின் விதை வேண்டும் என்றான் ஒருவன். பத்து வயதில் அது கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். முதல் பூவுக்கு ஏறக்குறைய 35 வருஷம். நீ வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகும் நேரத்தில் பூக்கும் என்றேன். அப்புறம் அவன் கேட்கவில்லை.

இனி ஒட்டு. இன்றைய மோகம் அத்தனையும் இதில்தான் இருக்கிறது. “ஒட்டு மாதிரி வருமா சார்?” என்கிறார்கள். மாவில் சரி. காய்த்த மரத்தின் குச்சியை ஒட்டுவதால் சீக்கிரம் காய்க்கிறது, தாய்மரத்தின் ருசியும் மாறுவதில்லை. கள்ளியில் பூத்த கிளையை வெட்டி மண்ணில் வைத்தாலே அந்த இரண்டு லாபமும் வந்துவிடுகிறது, சொந்த வேரோடு. அடுத்தவர் வேரைக் கடன் வாங்க என்ன அவசியம்?

அந்தச் சிவப்பு உருண்டையின் கதை இன்னும் பரிதாபம். ஜிம்னோகலிசியம் என்ற சிறு கள்ளியில் 1940களில் ஜப்பானில் கண்டெடுத்த பிறழ்வு அது. உடம்பில் பச்சையம் கிடையாது. தன் சோற்றைத் தானே பொங்கத் தெரியாது. கீழே இருக்கும் டிராகன் பழத் தண்டு சமைத்துப் போட, இது உட்கார்ந்து சாப்பிடுகிறது. சில வருஷத்தில் இரண்டில் ஒன்று ஓய்ந்துவிடும். தூண் கள்ளியையே அந்தத் தண்டில் ஒட்டி விற்பவர்களும் உண்டு. டிராகன், பற்றிப் படர வேண்டிய கொடி. தூணின் எடையை அது எப்படித் தாங்கும்? என்னிடம் மூன்று செடிகள் ஐப்பசிக் காற்றில் ஒட்டு வாயிலேயே முறிந்தன. நாலாவதாக ஒரு கடையில் ‘பூத்த ஒட்டுக் கள்ளி’ என்று கொடுத்தார்கள். தண்ணீர் பட்டதும் பூ கழன்று விழுந்தது. காய்ந்த பூவைப் பசை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒட்டு என்று சொன்னது அந்த வகையில் உண்மைதான்.

வீட்டிலேயே ஒட்டிப் பார்க்கிறேன் என்று ஒரு மாணவன் சதுரக்கள்ளியின் தலையைச் சீவி அதன்மேல் காக்டஸ் துண்டைக் கட்டினான். குடும்பம் வேறு, ஒட்டவே ஒட்டாது. பால் கண்ணில் பட்டு இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தான். அடி அழுகி, மேலே ஒரு துண்டு மட்டும் மிஞ்சிய அரிய செடியைக் காப்பாற்ற ஒட்டு உதவும், மறுக்கவில்லை. அது வைத்தியம். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு?

மோகத்தில் ஏமாறுவது பழைய வழக்கம்தான். கம்பெனிக் காலத்து மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சாயப்பூச்சி வளர்க்கச் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ நல்ல சாயம் தரும் பூச்சி அல்ல, அதன் காட்டுப் பங்காளி. சாயம் தேறவில்லை, கள்ளியைத்தான் அது தின்று தீர்த்தது.

என் ஓட்டு போத்துக்கு. முருங்கையும் பூவரசும் போத்து நட்டே வளர்ந்த ஊர் இது. தைப்பனி விலகி, மாசி பங்குனியில் வெட்டுங்கள். பூத்த கிளையாகப் பார்த்து ஒரு முழம் எடுங்கள். தாய்ச்செடி வெட்டிய இடத்துக்குக் கீழே மறுபடி கிளைக்கும். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பைப் பென்சில் சீவுவது போலச் சரித்துவிடுங்கள். காயும்போது நடுப்பகுதி உள்வாங்கும். பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து இரண்டு மூன்று வாரம் மறந்துவிட வேண்டும். வெட்டுவாய் தோல் கட்டாமல் மண்ணைக் காட்டினால் அழுகல்தான்.

நெல்லுக்குப் பிடித்ததெல்லாம் கள்ளிக்கு ஆகாது. நம் வயல் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு உடனே வடிய வேண்டும். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கலும் உமிக்கரியும் சேர்த்து ஒரு பங்கு. மண்தொட்டியில் நாலு விரல் ஆழம் நட்டு, குச்சி வைத்துக் கட்டி, இரண்டு வாரம் கழித்து முதல் தண்ணீர். பிறகு கோடையில் வாரம் ஒரு தரம். ஐப்பசி கார்த்திகையில் தொட்டி சன்ஷேடுக்கு அடியில், தண்ணீர் கிடையாது. தரையில் வைப்பதானால் ஒன்றரை அடி மேடு கட்டாயம்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது என் பழைய தூணும் விழுந்தது. ஆறு துண்டாக்கிக் காயவைத்து நட்டேன். மழை ஓயாத மாதம், நாலு அழுகின. பிழைத்த இரண்டில் ஒன்றுதான் இன்று மாடியைத் தாண்டி நிற்பது. நாலாம் வருஷம் பூத்தது. அதனால்தான் போத்தின் பக்கம் பேசுகிறேனோ என்று கேட்டால், ஆமாம்.

எல்லாரும் கள்ளி வளர்க்க வேண்டியதில்லை. தினமும் தண்ணீர் ஊற்றாமல் கை சும்மா இருக்காது என்பவர்கள் மல்லிகை வையுங்கள். கை நிறையப் பூக்கும். ஊற்றாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கே கள்ளி. தன் கை எந்தக் கை என்று பார்க்காமல், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான், மாமா சொன்னார் என்று எடுத்தால் செடியும் வாடும், படிப்பும் அப்படித்தான். பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை கொண்டுவந்த போத்து மூன்று மாதம் அசையாமல் நிற்கிறதே என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். அது வேர் விடும் காலம்.

அந்த மாணவனின் சிவப்பு உருண்டை ஐப்பசி அடைமழையில் அழுகிப்போனது. கீழிருந்த டிராகன் தண்டு மட்டும் துளிர்த்திருக்கிறது. கம்பம் நட்டு ஏற்றிவிடச் சொன்னேன். மாசியில் வந்தால் அவனுக்கு ஒரு முழப் போத்து வெட்டித் தருவதாக இருக்கிறேன்.