கவண் வகைகளும் பயிர்க்காவலும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து நாமக்கல் வரையில் பரந்துள்ள சமவெளியின் புன்செய்களில் சோளமும் கம்பும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வருகின்றன. கதிர் பால் பிடிக்கும் பருவந்தொட்டு அறுவடை முடியும் வரையில் கிளி, குருவி முதலியவை கூட்டங்கூட்டமாக இறங்கித் தானியத்தைச் சேதப்படுத்துகின்றன. உழவு, விதை, களை ஆகிய செலவுகளெல்லாம் செய்து தீர்ந்த பின்னர் நேரும் நஷ்டமாதலால், குடியானவன் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. இதைத் தடுக்க ஏற்பட்ட பழைய கருவியே கவண். அதன் வகைகளையும் தக்க உபயோகத்தையும் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

1. கைக்கவண்

நடுவில் கல் வைக்க அகன்ற ஒரு மடிப்பும், இருபுறமும் நீண்ட கயிறும் உடையது இது. ஒரு நுனியிலுள்ள வளையத்தை விரலில் மாட்டி, மறு நுனியைக் கையில் பற்றிச் சுழற்றி, தக்க சமயத்தில் பற்றிய நுனியை விட்டுவிட வேண்டும். கயிறு கையின் நீளத்தைப் பெருக்குவதால், வெறுங்கையால் எறிவதைவிடக் கல் வேகமாகவும் வெகுதூரமும் செல்லும். கற்றாழை நாரிலும் பருத்தி நூலிலும் இதைப் பின்னலாம். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற அம்மாபேட்டையில் தறியில் மிஞ்சும் நூலைத் திரித்தே இதற்கு வேண்டிய கயிற்றைச் செய்துகொள்ளலாம்.

2. உண்டைவில்

இது மூங்கில் வில். இரட்டை நாணின் நடுவே சிறு துணி அல்லது தோல் துண்டு கட்டி, அதில் களிமண் உண்டையை வைத்து இழுத்து விடுவர். இளமையில் இராமன் எய்த உண்டை கூனியின் நெஞ்சில் பகையாக நின்றதைக் கம்பராமாயணம் கூறுகிறது. வில் பிடித்த கையைச் சற்றே ஒதுக்காவிடில் உண்டை பெருவிரலில் பட்டுவிடும்.

3. கவட்டை

கவைக்கொம்பில் இரப்பர் பட்டை கட்டிய இதனை உண்டிவில் என்றும் வழங்குவர். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ஆம் வருஷத்தில் இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துக் காய்ச்சி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இக்கருவி உலகெங்கும் பரவிற்று. பழைய சைக்கிள் டியூபைக் கொண்டே செய்துகொள்ளலாம். குறி தப்பாமல் எறிவதற்கு ஏற்றதாகையால் இதுவே மிகுந்த அபாயமுள்ளது.

4. பெரும் பொறிகள்

மதுரைக் கோட்டை மதிலில் கல்லெறியும் கவண்களும் இருந்தனவென்று சிலப்பதிகாரம் கூறுகிறது. பீரங்கி வந்தபின் அவை ஒழிந்தன. எனினும் விசையால் எறியும் முறை அழியவில்லை. 1961-இல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்த விக்ராந்த் கப்பலில் நீராவியால் இயங்கிய கவண் ஒன்று விமானத்தையே எறிந்து பறக்கவிட்டது.

5. காவலில் கவனிக்க வேண்டியவை

பயிர்க்காவலின் நோக்கம் பறவையை ஓட்டுவதேயன்றிக் கொல்வதன்று. கரிச்சான், மைனா முதலியவை பயிரைத் தின்னும் புழு பூச்சிகளை உண்டு குடியானவனுக்கு உதவுகின்றன. மயிலும் கிளியும் 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே கல்லுக்குப் பதில் உலர்ந்த மண்ணாங்கட்டியை உபயோகிப்பது மேல். அது விழுந்த இடத்தில் உடைந்து சிதறிச் சத்தமிடும். பறவைகள் எழுந்து பறக்கும். கதிருக்கும் மேயும் மாட்டுக்கும் கல்லால் உண்டாகும் அளவு சேதம் உண்டாகாது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு விலகிச் செல்லுமாறு மலைபடுகடாம் வழிப்போக்கரை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். கயிற்றை விடும் சமயம் தவறினால் கல் பக்கத்திலோ பின்னாலோ போகும். எனவே எறிபவனைச் சுற்றி ஒருவரும் நிற்கலாகாது. பாதையை நோக்கி எறியலாகாது. சிறுவர்கள் விளையாட்டாக ஒருவர்மேல் ஒருவர் கவட்டை அடித்தால் கண்ணே போய்விடக்கூடும். இதைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும்.

6. சங்கத்தார் செய்யக்கூடியது

தனியே முந்தியோ பிந்தியோ விளையும் வயலில்தான் பறவைகள் முழுவதும் வந்து இறங்கும். அடுத்தடுத்த நிலக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பலருக்கும் பகிர்ந்து குறையும். அவ்வாறு விதைத்தபின் பொதுவில் ஒரு பரண் அமைத்து ஒரு காவலாளை வைக்கலாம். கூலியை ஏக்கர் விகிதப்படி வசூலிக்க வேண்டும். உதாரணமாக 1, 2, 2, 3 ஏக்கர் உள்ள நால்வர் சேர்ந்தால், கூலியை 8 பங்காக்கி அவரவர் ஏக்கருக்குத் தக்கபடி செலுத்துவது நியாயம். பறவைகள் மிகுதியாக இறங்கும் காலையிலும் மாலையிலும் காவல் தவறலாகாது. விதைப்பு நாளையும் காவல் முறையையும் விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்திலேயே தீர்மானித்து நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது பின்னால் தகராறு நேராமல் காக்கும்.