ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சேர்ந்து இறுகினால்…

கேள்வி: என்னிடம் இருப்பது 14 வருடப் பழைய டீசல் கார். கொஞ்ச நாளாகக் காலையில் வண்டியைத் திருப்பி எடுக்கும்போது ஸ்டீயரிங் இறுகுகிறது, பானெட்டுக்குள் ‘கீச்’சென்று சத்தம் வருகிறது. சில நேரம் பிரேக் பெடலும் கட்டையாகிவிடுகிறது; பலம் கொண்ட மட்டும் மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. ஸ்டீயரிங் பம்ப், பிரேக் பூஸ்டர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இரண்டு பாகங்கள் ஒரே சமயத்தில் கெட்டுப்போவது நடக்காத காரியமல்ல. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், இரண்டையும் ஓட்டுவது எது என்று பார்த்துவிட வேண்டும்.

உங்கள் காரின் வயதுக்கு அது ஆயில் பம்ப் வைத்த பவர் ஸ்டீயரிங்காகத்தான் இருக்கும். அந்த பம்பைச் சுற்றுவது பெல்ட். பிரேக் பூஸ்டருக்கு வேண்டியது வெற்றிடம். பெட்ரோல் கார் அதை இன்ஜின் உறிஞ்சும் காற்றுக் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டீசல் இன்ஜினில் அந்த வசதி இல்லாததால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் உண்டு. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின், அதாவது பட்டறையில் ‘டைனமோ’ என்பார்களே, அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றுவதும் பெல்ட்தான். பெல்ட் வழுக்கினால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் கட்டையாகும், சத்தமும் வரும். நீங்கள் எழுதியிருப்பது மூன்றும் அதுவே.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: அந்த நேரத்தில் மீட்டரில் சிவப்பு பேட்டரி விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாருங்கள். சுமை ஏறும்போது கீச்சொலியும் ஏறினால் மீதியும் தீர்ந்தது. பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். தொளதொளவென்று போகக் கூடாது. உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, எண்ணெய் பட்டிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் பட்டிருந்தால் டைனமோவின் பின்புறத்தையும் பாருங்கள். வேக்குவம் பம்புக்கு இன்ஜின் ஆயில் போகும் சிறு ஹோஸ் அங்கே கசியும். அதை விட்டுவிட்டுப் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே வழுக்கும். சில வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் டைனமோவுக்கும் தனித்தனி பெல்ட்; இரண்டையும் பாருங்கள். பெல்ட் செலவு நூறுகளில் முடியும். பம்பும் பூஸ்டரும் ஆயிரங்களில் போகும்.

பெல்ட் சரியான பிறகும் பிரேக் கட்டையாகவே இருந்தால் பூஸ்டரைச் சோதிக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் முதலில் வேக்குவம் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பிறகு வேக்குவம் பம்ப், கடைசியில்தான் பூஸ்டர். மிதிக்கும்போது பெடலுக்குப் பின்னாலிருந்து ‘உஸ்’ஸென்று காற்று தொடர்ந்து போகும் சத்தம் கேட்டால் மட்டும் பூஸ்டரின் உள் சவ்வு கிழிந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ங்ஙொய்’ சத்தத்துக்கும் அதுவே காரணம். கருத்துப்போய்க் கருகல் வாசனை அடித்தால் ஆயிலை மாற்றுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு பம்பைக் குறை சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன்.

சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். பெல்ட் அறுந்தாலும் ஸ்டீயரிங் திரும்பும், பிரேக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு வேண்டிய பலம் அவசரத்தில் எல்லோருக்கும் வந்துவிடாது.

கேள்வி: இரண்டு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து காரை எடுத்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் போய்விட்டது. பெட்ரோல் பங்க்கில் ஒருவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருக்கும் என்றார். டப்பா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: டப்பாவே இல்லை, அம்மா. உங்களுடையது மின்சார மோட்டார் வைத்த ஸ்டீயரிங். இப்போதைய சிறிய கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு வாரம் நின்றதில் பேட்டரி இறங்கி, ஸ்டார்ட் செய்த கணத்தில் மின்னழுத்தம் மேலும் சரிந்து விளக்கு எரிந்திருக்க வேண்டும். பேட்டரியை அளந்து பாருங்கள்: இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் இருக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியையும் துடைக்கச் சொல்லுங்கள். மறுபடி எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கட்டும். விளக்கு அணைந்த பிறகும் பிழைக்குறியீடு பதிவில் இருக்கும். மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜினை மட்டுமே படிக்கும் என்பதால் ஸ்டீயரிங்கைப் படிக்கும் கருவி உள்ள பட்டறைக்கே போங்கள்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றதும் சரியானது. மறுநாள் பட்டறையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், ராசிபுரம்

பதில்: ஆறிய வண்டியைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியதில் பிரேக் ஆயில் கொதித்து, லைனில் ஆவி நிறைந்திருக்கிறது. ஆவி அழுந்தும், அதனால்தான் பெடல் அடிவரை போனது. பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்காமல் போயிருந்தால் சூடேறிய பேட் மீது பழி போட்டிருப்பேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது என்பது என் ஊகம். முழுதாக மாற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்களை அந்தப் பாதையில் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் வெற்றிடம் மிஞ்சாது.

கேள்வி: பிரேக் ஆயில் மாதாமாதம் கொஞ்சம் இறங்குகிறது. கசிவு இல்லை. ஊற்றிக்கொண்டே இருக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. முதலில் பேட்டின் கனத்தைப் பாருங்கள். பேட் புதிதாக இருந்தும் இறங்கினால் எங்கோ கசிகிறது: பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பாருங்கள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தில் ஈரமிருக்கிறதா என்றும் பாருங்கள். எது எப்படியானாலும் கையில் கிடைத்த ஸ்டீயரிங் ஆயிலை அதில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம்வரை அத்தனையையும் பிரிக்க வேண்டி வரும்.