கூடிக் கட்டும் மெய்நிகர் உலகம்

க.பொ.த. உயர்தரப் பிரிவு மாணவி, ஹெந்தளை

வீடொன்றைக் கட்டுவதற்குக் கல்லும் மணலும் சீமெந்தும் வேண்டும். கணினிக்குள்ளே ஓர் உலகத்தைக் கட்டுவதற்கு இவை எதுவும் தேவையில்லை. எனினும் இரு வேலைகளுக்கும் பொதுவாக வேண்டப்படுவது ஒன்றுண்டு. அது வேலை செய்வோரிடையே இருக்க வேண்டிய உடன்பாடு. கணினி விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்குவது என்றே நம் வீடுகளில் பேசப்படுகின்றது. அப்பேச்சில் நியாயமும் உண்டு. ஆயினும் விளையாடுவது வேறு, விளையாட்டுலகத்தைக் கட்டுவது வேறு. நண்பர்கள் சிலர் கூடி, ஊதியம் எதுவுமின்றி, பொழுதுபோக்காக ஒரு மெய்நிகர் உலகத்தைக் கட்டும்போது என்னென்ன கற்க வேண்டியுள்ளது என்பதையும், அக்கட்டடக் கலைஞர்களுள் நாமும் ஏன் இருக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மெய்நிகர் உலகம் என்பது யாது?

கணினியில் அமைக்கப்பட்ட ஓர் இடத்தை மெய்நிகர் உலகம் என அழைப்பதற்கு அதனிடம் மூன்று இயல்புகள் இருக்க வேண்டும். முதலாவது, பலர் ஒரே நேரத்தில் அதனுள் நுழையக்கூடியதாக இருத்தல். இரண்டாவது, ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவருக்கும் தெரிதல். மூன்றாவது, எல்லோரும் வெளியேறிய பின்னரும் அது விட்டபடியே இருத்தல். இன்று நீங்கள் வைத்த கதவு நாளை உங்கள் தோழி வரும்போதும் அங்கே இருக்கும்.

இதன் வரலாறு நாம் நினைப்பதிலும் பழையது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் 'மட்' என்னும் உலகத்தை எழுதத் தொடங்கினார். 1980இல் அதனை அவரது தோழர் ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று வளர்த்தார். அதில் படம் எதுவும் கிடையாது. அறை, பாதை, பொருள் யாவும் சொற்களாலேயே விபரிக்கப்பட்டன. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் தொடர்ந்து முடித்தார் என்பது கவனிக்கத்தக்கது. இத்துறை பிறக்கும்போதே கூட்டு முயற்சியாகவே பிறந்தது. 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அஸ்ப்னெஸ் உருவாக்கிய 'டைனிமட்' உலகில், வருவோர் எவரும் புதிய அறைகளைத் தாமே கட்டலாம் என்ற நிலை வந்தது.

இன்று பலருக்கும் தெரிந்த 'மைன்கிராஃப்ட்' 2009இல் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்து, 2011இல் முழுமையாக வெளியிடப்பட்டது. இதற்கு ஒப்பான 'மைன்டெஸ்ட்' என்னும் இலவச மென்பொருள் 2010இல் தொடங்கப்பட்டு, 2024 முதல் 'லுவாண்டி' என்ற பெயரில் வழங்குகின்றது. இதனைச் சாதாரணக் கணினியிலும் இயக்கலாம். ஒரே ஆய்வுகூடத்தில் இணைக்கப்பட்ட கணினிகளுக்கிடையில் இணைய வசதி இல்லாமலும் பயன்படுத்தலாம். பாடசாலைகளுக்கு இது பெரும் வசதியாகும்.

பூமியையே கட்டும் முயற்சி

2020 மார்ச்சில், உலகம் கொவிட் தொற்றினால் வீடுகளுக்குள் அடங்கத் தொடங்கிய வேளையில், 'பில்ட் த ஏர்த்' என்னும் திட்டம் ஆரம்பமானது. முழுப் பூமியையும் மைன்கிராஃப்டில் உள்ளவாறே, ஒரு மீற்றருக்கு ஒரு கட்டி வீதம் அமைப்பதே அதன் நோக்கம். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் நாடு வாரியாகவும் பிரதேச வாரியாகவும் குழுக்களாகப் பிரிந்து இதில் ஈடுபட்டனர்.

இவர்கள் எதிர்கொண்ட முதற் பிரச்சினை உயரம். அக்காலத்தில் அவ்விளையாட்டு அனுமதித்த உயரம் 256 கட்டிகள் மாத்திரமே. நமது தாமரைக் கோபுரத்தின் உயரம் 350 மீற்றர். பீதுருதாலகாலை மலையோ 2,524 மீற்றர். இரண்டும் அதற்குள் அடங்கா. எனவே உயர எல்லையை நீக்கும் துணை மென்பொருள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டனர். இரண்டாவது பிரச்சினை, கோள வடிவான பூமியைத் தட்டையான தளத்தில் விரிப்பது. புவியியல் கற்கும் மாணவிகள் படவெறியம் என்ற பாடத்தில் படிப்பது இதைத்தான்.

மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியமானது. உலகிலுள்ள இத்தனை வீதிகளின் தரவுகளையும் எங்கிருந்து பெறுவது? அவற்றை 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் திறந்த வரைபடத்திலிருந்து பெற்றனர். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இலண்டனில் தொடங்கிய இவ்வரைபடமும் தொண்டர்களால் வரையப்படுவதே. யாரும் இதில் ஒரு வீதியைச் சேர்க்கலாம், பிழையைத் திருத்தலாம். ஒவ்வொரு மாற்றமும் யாரால், எப்போது செய்யப்பட்டது என்ற பதிவும் அதில் இருக்கும். ஆகவே ஒரு தொண்டர் குழு வரைந்ததன்மேல் இன்னொரு தொண்டர் குழு கட்டுகின்றது. முதற் குழு வரையாமல் விட்ட ஒழுங்கை அடுத்த குழுவின் உலகத்திலும் இராது.

ஹெந்தளையை அமைப்பதாயின்

இப்போது ஐந்து மாணவிகள் சேர்ந்து ஹெந்தளையின் ஒரு பகுதியை அமைக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றர் அகலமும் கொண்ட நிலம். கட்டி ஒன்றுக்கு ஒரு மீற்றர் எனின், தரையை மூடவே 1,000 × 1,000, அதாவது பத்து இலட்சம் கட்டிகள் வேண்டும். செக்கனுக்கு ஒரு கட்டி வைத்தாலும் ஒருத்திக்கு ஏறத்தாழ 278 மணித்தியாலங்கள் செல்லும். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒன்பது மாதங்கள். ஐவர் பங்கிட்டால் ஏறக்குறைய 56 நாட்கள். இது தரை மட்டுமே. சுவரும் கூரையும் மரங்களும் இக்கணக்கில் சேரவில்லை. குழு ஏன் அவசியம் என்பதற்கு இக்கணக்கே போதும்.

ஆனால் ஐவர் சேர்ந்தவுடன் வேலை தானாக நடந்துவிடாது. தொடங்குமுன் பின்வருவனவற்றில் உடன்பாடு காண வேண்டும்.

முதலாவது, தொடக்கப் புள்ளி. கணித பாடத்தில் ஆள்கூற்றுத் தளம் வரையும்போது உற்பத்தியை முதலில் குறிக்கின்றோம். அதுபோல ஹமில்டன் கால்வாயின் பாலம் ஒன்றைப் பூச்சியம் எனக் கொள்ளலாம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து அளக்கத் தொடங்கினால் வீதிகள் ஒன்றையொன்று சந்திக்கமாட்டா.

இரண்டாவது, அளவுத்திட்டம். ஒருத்தி மீற்றருக்கு ஒரு கட்டியும் மற்றவள் இரண்டு கட்டியும் வைத்தால், ஒரு தெருவில் மனிதர் வாழ்வர், அடுத்த தெருவில் அரக்கர்கள் வாழ்வர். நீர்மட்டமும் அவ்வாறே. களனி கங்கைக்கும் முத்துராஜவெல ஈரநிலத்துக்கும் அண்மையில் அமைந்த தாழ்நிலம் நமது ஊர். நீர்மட்டத்தை ஒரே அளவில் தீர்மானிக்காவிட்டால் பாதி ஊர் வெள்ளத்தில் மூழ்கிவிடும்.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. நிலத்தை ஐந்தாகப் பிரிப்பது ஒரு முறை. வேலையைப் பிரிப்பது மற்றொரு முறை. ஒருத்தி நிலமும் நீரும், ஒருத்தி வீதிகள், ஒருத்தி கட்டடங்கள், ஒருத்தி பெயர்களும் வரலாறும், ஒருத்தி எல்லாவற்றையும் சரிபார்த்தல் எனப் பிரித்தால் அவரவர் திறமைக்கு இடம் கிடைக்கும். வரலாறு கற்கும் மாணவிக்கும் இங்கே வேலை உண்டு. ஹமில்டன் கால்வாய் 1802 முதல் 1804 வரை ஆங்கிலேயர் காலத்தில் வெட்டப்பட்டது. ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை 1708இல் ஒல்லாந்தர் காலத்தில் அமைக்கப்பட்டது. இதனை அறியாமல் கட்டுபவள் அதனை ஏனைய கட்டடங்களைப் போல ஒரு பெட்டியாகவே கட்டுவாள். அறிந்தவள் அதன் பழைமைக்கு ஏற்ற சுவரைத் தேடுவாள்.

நான்காவது, பெயர். ஹெந்தளை என்றும் ஹெந்தல என்றும் நம் ஊரின் பெயர் இருவிதமாக எழுதப்படுகின்றது. கால்வாயையும் பலர் பல பெயர்களால் அழைக்கின்றனர். எந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று ஓர் அட்டவணை தயாரித்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதி வைக்க வேண்டும். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலும் ஓர் இடத்தின் தமிழ்ப் பெயருக்கெனத் தனி இடம் உண்டு. அதனை நிரப்புவோர் இல்லாவிட்டால் அது வெறுமையாகவே கிடக்கும்.

ஐந்தாவது, அனுமதியும் அடக்கமும். வீதியிலிருந்து எவருக்கும் தெரிவதை மட்டுமே கட்ட வேண்டும். ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழையலாகாது என்பது நமக்குச் சிறுவயது முதல் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அது இங்கும் பொருந்தும். எவர் வீடு எது, யார் எந்நேரம் வெளியே செல்வார் என்ற விபரங்களை ஒருபோதும் எழுதக்கூடாது.

ஆறாவது, பிரதி எடுத்தலும் பிணக்குத் தீர்த்தலும். ஒருத்தி கட்டியதை மற்றவள் சொல்லாமல் இடித்தால் நட்பும் இடிந்துவிடும். எனவே வாரம் ஒரு முறை முழு உலகத்தையும் வேறோர் இடத்தில் பிரதி செய்து வைக்க வேண்டும். மாற்றம் எதுவாயினும் மஷூரா செய்த பின்னரே செய்ய வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் பிழை நேர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

யார் கட்டுகின்றார்கள்?

இத்தனையும் பொழுதுபோக்குக்காகவா என்று ஒருவர் கேட்கலாம். 2013ஆம் ஆண்டளவில் நமது நாட்டின் மட்டக்களப்பில் நடந்ததைப் பார்ப்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து, மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள சுமார் 30,000 கட்டடங்களை ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் பதியச் செய்தன. கட்டடத்தின் வடிவம் மட்டுமன்றி, எத்தனை மாடி, என்ன தேவைக்குப் பயன்படுகின்றது, சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பனவும் பதியப்பட்டன. வெள்ளமோ சூறாவளியோ வந்தால் எந்த வீடு முதலில் பாதிக்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிய இது உதவும். இத்திட்டம் பொழுதுபோக்கு முயற்சியன்று. ஆனால் அது பயன்படுத்திய வரைபடம் ஆர்வலர்களால் கட்டி வளர்க்கப்பட்டது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது எத்தனை குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின என்பதை நம் பெற்றோர் அறிவர். தாழ்நிலத்தில் வாழும் நமக்கு ஊரின் வரைபடம் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

இன்னொரு உதாரணம் பெண்பிள்ளைகளாகிய நமக்கு மிகவும் நெருங்கியது. ஐக்கிய நாடுகள் மனித குடியிருப்புத் திட்டமும் மைன்கிராஃப்டை உருவாக்கிய நிறுவனமும் 2012இல் 'பிளொக் பை பிளொக்' என்னும் திட்டத்தை ஆரம்பித்தன. பொது இடங்களைத் திருத்தியமைக்குமுன் அவ்விடத்து மக்களே கணினியில் அதனை வடிவமைத்துக் காட்டுவது இதன் முறை. வியட்நாமின் ஹனோய் நகரின் புறப்பகுதியான கிம் சுங்கில், பாடசாலை மாணவிகள் இம்முறையில் தாங்கள் நாளாந்தம் நடக்கும் பாதைகளைப் பாதுகாப்பாக மாற்றும் வடிவங்களை அமைத்தனர்.

நாமும் சற்றுச் சிந்திப்போம். மாலை வகுப்பு முடிந்து வரும்போது எந்த ஒழுங்கையில் விளக்கில்லை, எந்த பஸ் தரிப்பிடத்தில் தனியே நிற்க இயலாது, மழை பெய்தால் எந்த வாயிலில் அபாயாவின் விளிம்பு நனையாமல் நடக்க முடியாது என்பதெல்லாம் செய்மதிப் படத்தில் தெரிவதில்லை. பொறியியலாளர் பலருக்கும் தெரிவதில்லை. அவ்வழியே நடக்கும் மாணவிக்குத்தான் தெரியும். அவள் கட்டுவோரிடையே இல்லாவிட்டால், அந்த விளக்கில்லாத ஒழுங்கை கணினி உலகத்தில் வெளிச்சமாகவே இருக்கும். பார்ப்பவர்களும் குறை ஏதும் இல்லையென்றே எண்ணுவர்.

முடிவுரை

மெய்நிகர் உலகத்தில் இருப்பவை கட்டியவர்களுக்குத் தெரிந்தவை மாத்திரமே. ஆகவே கட்டுவோர் பலவகையினராக இருக்கும் அளவுக்கே அவ்வுலகம் உண்மையை நெருங்கும். கணிதம் கற்பவளும் கலை கற்பவளும் வணிகம் கற்பவளும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

தோழியரே, இதற்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆய்வுகூடத்தில் வாரம் ஒரு பாடவேளையும், அளவு நாடா ஒன்றும், பெயர்களை எழுத ஒரு கொப்பியும் இருந்தால் தொடங்கலாம். முழு ஊரையும் ஒரேயடியாகக் கட்ட நினையாது, நம் கல்லூரி வாயிலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரையுள்ள வீதியை முதலில் அளப்போம். விளக்குக் கம்பங்களை எண்ணுவோம். எரியாத விளக்கையும் எரியாததாகவே குறிப்போம்.