வீட்டிலேயே வெளிச்சம் அமைப்போம்: சிறு உருவங்களைப் படம் பிடிக்கும் முறை

பனஞ்சிலாகையிலும் ஓலையிலும் ஈர்க்கிலும் மாட்டுவண்டி, துலா, கொம்பறை, வள்ளம் முதலியவற்றின் சிறு உருவங்களைச் செய்யும் கைப்பழக்கம் எமது குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. காணியை விட்டு வந்தாலும் கை அந்த அளவுகளை மறப்பதில்லை. பயிர் செய்ய நிலமில்லாத வேளையில் இது ஒரு சிறு வருமானமாகவும் அமையலாம்.

ஆனால் இவற்றை விரும்பி வாங்கக்கூடியவர்களிற் பலர் தொலைவில் இருக்கின்றார்கள். அவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசிக்கு வரும் படத்தைப் பார்த்தே விலை பேசுகின்றார்கள். படம் மங்கலாயின் நான்கு நாள் உழைப்பும் மலிந்த வேலையாகத் தோன்றும். நிறம் மாறித் தெரிந்தால், "படத்தில் கண்டது இதுவல்ல" என்று பொருள் திரும்பி வரக்கூடும். எனவே படம் பிடிப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. இதற்குப் புதிய கமரா தேவையில்லை. வீட்டில் உள்ள கைத்தொலைபேசியே போதும். வெளிச்சத்தை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பதை மட்டும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

1. வெளிச்சத்தின் மூன்று குணங்கள்

முதலாவது பரப்பு. உச்சி வெயிலில் வேலிக்கம்பின் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. முகில் மூடிய நாளில் அதே நிழல் கரைந்து போகிறது. வெயில் வானத்தில் ஒரு சிறு புள்ளியிலிருந்து வருகிறது. முகில் மூடினாலோ வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. ஆகவே, விளக்கின் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாகும். மின்குமிழ் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் அகலமே. அதன் முன் 60 சென்ரிமீற்றர் அகலத்தில் வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டினால், அந்தத் துணியே விளக்காகிறது.

இரண்டாவது தூரம். குமிழை 1 மீற்றரிலிருந்து 50 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் பொருளில் விழும் வெளிச்சம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு சிறிய சூரியசக்தி விளக்கும் பயன்படுவது இதனாலேயே. அதை அருகே வைத்தால் போதும்.

மூன்றாவது நிறம். இதனை கெல்வின் என்னும் அலகால் அளப்பார்கள். மெழுகுதிரி வெளிச்சம் சுமார் 1900, மஞ்சட் குமிழ் 2700, நண்பகல் வெயில் ஏறக்குறைய 5500, வெள்ளை எல்.ஈ.டி. குமிழ் பெரும்பாலும் 6500. எண் குறைந்தால் மஞ்சளும், கூடினால் நீலமும் மிகும். யன்னல் வெளிச்சத்தையும் மஞ்சட் குமிழையும் ஒன்றாகப் பயன்படுத்தினால் பொருளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். ஒரே வேளையில் ஒரே வகை வெளிச்சம் என்பதை விதியாகக் கொள்வோம்.

2. பகலில் செலவில்லாத முறை

நேர் வெயில் உள்ளே விழாத யன்னலோ விறாந்தையோ சிறந்தது. வடக்கு யன்னலே எப்போதும் நல்லது என்று மேலைநாட்டுப் புத்தகங்களில் எழுதுவார்கள். அது அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும். எமது வடபகுதியில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அம்மாதங்களில் தெற்கு யன்னலும், மற்றைய மாதங்களில் வடக்கு யன்னலும் ஏற்றவை.

நீலத் தறப்பாளின் கீழ் எடுக்கும் படத்தில் எல்லாமே நீலம் பாயும். மாமரத்தின் கீழ் பச்சை பாயும். கொட்டிலில் இருப்போர் வாசலோரத்தில், தறப்பாளின் நிறம் படாத இடத்தில் மேசையை வைத்தல் வேண்டும்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும்போது பொருளின் மறுபக்கம் இருண்டு போகும். அங்கே ஒரு வெள்ளை மட்டையையோ, பெட்டிகளில் வரும் றெஜிபோம் துண்டையோ நிறுத்துங்கள். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அருகே கொண்டுவந்தால் நிழல் குறையும், தள்ளினால் கூடும்.

3. இரவில் ஒரு குமிழ்

9 வாட் எல்.ஈ.டி. குமிழ் ஒன்று, பழைய 60 வாட் இழைக் குமிழின் அளவுக்கு வெளிச்சம் தரும். அதைப் பொருளுக்கு ஒரு பக்கமாக, சற்று உயரத்தில், சரிவாக வைக்க வேண்டும். இடையில் வெள்ளைத் துணி. மறுபக்கத்தில் வெள்ளை மட்டை. அமைப்பு இவ்வளவே.

இரண்டாவது குமிழைச் சேர்க்க ஆசை வரும். சேர்க்க வேண்டாம். உலகில் வெயில் ஒன்று, நிழலும் ஒன்று. மாட்டுவண்டிக்கு இரண்டு நிழல் விழுந்தால் அது மேசைமேல் உள்ள விளையாட்டுப் பொருள் என்பது உடனே தெரிந்துவிடும். ஓலைப் பின்னலின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமாயின் குமிழைத் தாழ்த்தி, பக்கவாட்டில் உரசிச் செல்லுமாறு விடுங்கள். கைத்தொலைபேசியின் சொந்த விளக்கை அணைத்துவிடுங்கள். அது நேர் முன்னால் அடிப்பதால் பின்னல் தட்டையாகிவிடும்.

சில மலிவான குமிழ்களின் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாகத் தெரியும். மின்சாரத்தின் துடிப்பே இதற்குக் காரணம். வேறு குமிழை மாற்றிப் பார்க்கலாம்.

எச்சரிக்கை: இழைக் குமிழ் கடுமையாகச் சூடேறும். அதன் அருகே துணியும் தாளும் கூடாது. ஓலைக் கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய் விளக்கையோ மெழுகுதிரியையோ இவ்வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். ஒட்டுப்போட்ட வயரை ஈர நிலத்தில் இழுக்கவும் வேண்டாம். ஒரு படத்துக்காக ஒரு வீட்டை இழக்க முடியாது.

4. பின்னணியும் கமராவும்

ஒரு பெரிய வெள்ளை மட்டையின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை மேசைமேல் வளைந்து வரவிடுங்கள். மடிக்கக் கூடாது. மூலை தெரியாததால் பார்ப்பவரின் கண் பொருளிலேயே நிற்கும்.

கமராவின் உயரம் முக்கியமானது. நின்றபடி கீழே நோக்கி எடுத்தால் எந்த உருவமும் பொம்மையாகும். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். வண்டியருகே நிற்பவரின் கண் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்குமாயின், கமராவின் கண் மேசையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது படத்தில் உண்மையான வண்டியே நிற்கும்.

மிக அருகே போக வேண்டாம். போனால் முன்சில்லு பெருத்து, பின்சில்லு சிறுத்து, மங்கலும் ஆகும். ஒரு மீற்றரளவு பின்னே நின்று எடுத்து, வேண்டாத ஓரங்களைப் பின்னர் வெட்டலாம். கை நடுங்காமலிருக்கக் கைத்தொலைபேசியை ஒரு பால்மாப் பேணியில் சாய்த்து வைத்து, 3 விநாடி தாமதத்தில் எடுக்கவும். முதலில் கமராவின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைக்க மறக்க வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் படம் இருண்டு வருவது வழக்கம். திரையில் பொருளைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. படம் ஒரு வாக்குறுதி

வாங்குபவருக்கு நாம் அனுப்பும் படம் ஒரு வாக்குறுதி. ஆகவே நிறத்தை மிகைப்படுத்தும் வசதிகளைத் தொடாதிருப்போம். ஒரு படத்தில் பொருளின் அருகே அடிமட்டத்தை வைத்து அளவைக் காட்டுவோம். வெடிப்போ ஒட்டோ இருந்தால் அதனை அருகிலிருந்து எடுத்து அனுப்புவோம். முன், பக்கம், பின், அளவு, பின்னலின் நெருக்கம் என ஐந்து படங்கள் போதும். முகம் தெரியாத ஒருவர் இரண்டாம் முறையும் எம்மிடம் வாங்குவது இந்த நம்பிக்கையினாலேயே.

பயிற்சி

இவ்வாரம் அயலில் மூன்று, நான்கு குடும்பங்கள் ஒன்றுகூடுங்கள். ஒரே உருவத்தை நான்கு விதமாக எடுங்கள்: உச்சி வெயிலில், யன்னலோரத்தில், யன்னலோரத்தில் வெள்ளை மட்டையுடன், இரவில் குமிழும் துணியும் கொண்டு. பின்னர் பொருளைப் படங்களின் அருகே வைத்து, பின்வருவன பற்றிக் கலந்துரையாடுங்கள்.

அ. எந்தப் படத்தின் நிறம் பொருளின் நிறத்துக்கு மிகக் கிட்டியது?
ஆ. எதில் பின்னல் தெளிவாகத் தெரிகிறது?
இ. இப்பொருளை முன்பின் கண்டிராத ஒருவர் எந்தப் படத்தைப் பார்த்து உரிய விலை கொடுப்பார்?

மட்டை, துணி, குமிழ் ஆகிய மூன்றையும் ஒரு பெட்டியில் இட்டுப் பொதுவில் வைத்துக்கொண்டால், செலவு ஒரு வீட்டின் தலையில் விழாது. எல்லா வீட்டுக் கைவேலையும் நல்ல வெளிச்சத்தில் நிற்கும்.