நினைவைப் பதிக்கும் புரதங்கள்

காலையில் மனப்பாடம் செய்த செய்யுள் மாலைக்குள் மறந்துபோகிறது. சிறு வயதில் கற்ற வாய்பாடோ இன்றும் மறக்கவில்லை. இது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒரு செல் மற்றொன்றுக்குச் செய்தி தரும் இடத்திற்கு 'சினாப்ஸ்' என்று பெயர். அங்குள்ள நுண்ணிய இடைவெளியை வேதிப்பொருள்கள் கடந்து செய்தியைச் சேர்க்கின்றன. நாம் ஒன்றைக் கற்கும்போது இத்தகைய இணைப்புகள் சில வலுப்பெறுகின்றன. இவ்வேலையில் பெரும்பங்கு கொள்பவை 'புரோட்டீன் கைனேஸ்' என்னும் நொதிகள். இவை ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்துடன் சேர்க்கின்றன. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதுபோல் அப்புரதத்தின் செயல் மாறுகிறது.

இதை நமக்கு விளக்கிய உயிர் அப்ளீசியா என்னும் கடல் நத்தை. அதற்குச் சுமார் 20,000 நரம்புச் செல்களே உண்டு. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த எரிக் காண்டெலும் அவருடைய குழுவினரும் அதன் வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். பிறகு மெல்லத் தொட்டாலும் அது செவுளை வேகமாக உள்ளிழுத்துக்கொண்டது. ஒரே அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்களே நிலைத்தது. இடைவெளி விட்டு ஐந்து முறை கொடுத்தபோது ஒரு நாளுக்கு மேலும் நிலைத்தது.

காரணம் என்ன? முதல் அதிர்ச்சியில் 'கைனேஸ் ஏ' இணைப்பில் மட்டும் வேலை செய்து, வேதிப்பொருளை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது. மீண்டும் மீண்டும் தூண்டினால் அது செல்லின் உட்கருவுக்குள் சென்று, 'கிரெப்' என்னும் புரதத்தின் வழியாக ஜீன்களை இயக்குகிறது. புதிய புரதங்கள் உண்டாகின்றன. புதிய இணைப்புகள் முளைக்கின்றன. இவ்வாய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, கார்ல்சன், கிரீன்கார்ட் ஆகியோருடன் காண்டெல் பகிர்ந்துகொண்டார்.

பாலூட்டிகளின் மூளையில் 'காம் கைனேஸ் 2' முக்கியமானது. கால்சியம் தூண்டியதும் இது தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அதனால் கால்சியம் குறைந்த பின்னும் சிறிது நேரம் செயல்படுகிறது. இந்நொதியின் ஒரு வகை இல்லாத சுண்டெலிகள், நீரில் மறைந்துள்ள மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ளத் திணறியதை 1992இல் கண்டறிந்தனர்.

இடைவெளி விட்டுப் படிப்பதே மனிதருக்கும் பயன் தரும் என்பதை, ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் தம்மையே சோதித்து 1885இல் எழுதினார்.

தோழியரே! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அந்த அடிகளுக்கு இடையே சற்று ஓய்வும் வேண்டும் என்பதை நத்தை நமக்குச் சொல்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு பாடத்தைப் பத்து முறை படிப்பதைவிட, நாளுக்கு ஒருமுறையாகப் பத்து நாள் படிப்போம். படித்தது நம்முடன் நிலைத்திருக்கும்.