பெட்டிகள் இல்லாத பட்டியல்

ஊரில் நடக்கும் கல்யாணத்தை இங்கிருந்தபடியே செல்போனில் பார்க்கிறோம். பிறகு அந்த வீடியோவைச் சேமித்தும் வைக்கிறோம். ஆனால் திறந்தால் படம் ஓடுவதில்லை. சங்க அன்பர்கள் சிலர் இதுபற்றி என்னிடம் கேட்டதால் இந்தச் சிறு விளக்கம்.

நேரடி ஒளிபரப்பு பெரும்பாலும் ஒரே கோப்பாக வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறையில், வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. துண்டுக்கு 6 விநாடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 600 துண்டுகள். எதற்குப் பின் எது என்று சொல்வது எம்3யு8 என்ற சிறு பட்டியல். ரயில்வேயில் பொறியாளராக இருந்த எனக்கு இது பழகிய விஷயம். துண்டுகள்தாம் பெட்டிகள், எம்3யு8 என்பது பெட்டி வரிசைப் பட்டியல். பட்டியலில் ஏறி யாரும் ஊர் போய்ச் சேர முடியாது!

படம் ஓடாவிட்டால் இந்த நான்கையும் பாருங்கள்.

1. பட்டியலோடு துண்டுகளும் இருக்கின்றனவா? இடத்தை அடைக்கிறது என்று துண்டுகளை அழித்தாலோ, பெயரை மாற்றினாலோ வரிசை அறுந்துவிடும்.

2. பட்டியல் வெறும் எழுத்துக் கோப்புதான், திறந்து படிக்கலாம். அதில் முழு இணைய முகவரிகள் இருந்தால், படம் உங்கள் போனிலிருந்து ஓடவில்லை, இணையத்திலிருந்து வருகிறது. அங்கே அழித்த அன்று உங்களுக்கும் போயிற்று. ஃப்ளைட் மோடில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

3. துண்டுகள் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் அதற்குரிய சாவிக் கோப்பும் கூடவே வேண்டும்.

4. ஐபோனில் உள்ள பிளேயர், போனில் கிடக்கும் பட்டியலை நேரடியாகத் திறக்காது. வலை முகவரி வழியாக வந்தால்தான் ஏற்கும். அதனால் சில செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு குட்டி சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் துண்டுகளைக் கொடுக்கின்றன.

எளிய வழி, கம்ப்யூட்டரில் எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளால் துண்டுகளை ஒரே எம்.பி.4 கோப்பாக இணைப்பது. 'காப்பி' முறையில் இணைத்தால் தரம் குறையாது. கட்டணத் திரைப்படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை அந்தந்தச் செயலியிலேயே டவுன்லோடு செய்து பார்க்க வேண்டும்.

இதைவிட நல்லது, ஒளிபரப்பு முடிந்த கையோடு வீடியோக்காரரிடம் எம்.பி.4 பிரதி கேட்டு வாங்கிவிடுவது. பட்டியல் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். தாத்தா பாட்டி அட்சதை போட்டு ஆசீர்வதித்த அந்த 6 விநாடியை மறுபடி எடுக்க முடியாது.