குளிர் கிருமியைக் கொல்லாது

வணிகப் பெருமக்களுக்கு ஒரு பாடம்

உறைந்த பட்டாணி, ஸ்வீட் கார்ன், ஸ்ட்ராபெர்ரி ஆகியவை இன்று சிறிய கடைகளின் ஃப்ரீசரிலும் இடம்பிடித்துவிட்டன. இவற்றை வேகவைக்காமல் அப்படியே மிக்ஸியில் அடித்து, ஸ்மூத்தி என்று பருகும் பழக்கமும் பரவி வருகிறது. "இதை அப்படியே போடலாமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "ஐஸில் இருந்த சரக்குதானே, தாராளமாகப் போடுங்கள்" என்போம். அந்தப் பதில் தவறு.

உறைகுளிர் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும்; ஆனால் கொல்லாது. பனி உருகியதும் கிருமி மீண்டும் விழித்துக்கொள்ளும். அதிலும் லிஸ்டீரியா என்ற கிருமி சாதாரண ஃபிரிட்ஜின் குளிரிலேயே மெல்ல வளரக்கூடியது. காய்களை உறையவைக்கும் முன் சிறிது நேரம் வெந்நீரில் காட்டி எடுப்பார்கள். நிறமும் சுவையும் கெடாதிருக்கவே அது, சமைத்ததாக ஆகாது. அதன்பின் ஆற்றும்போதும், வெட்டும்போதும், பொதியும்போதும் கிருமி ஒட்டலாம்.

நடந்ததைப் பார்ப்போம். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் 5 நாடுகளில் 47 பேர் லிஸ்டீரியாவால் நோயுற்றனர். 9 பேர் இறந்தனர். ஹங்கேரி நாட்டு ஆலை ஒன்றில் உறையவைத்த மக்காச்சோளமும் பிற காய்களுமே காரணம் எனக் கண்டறிந்தனர். ஆலையைக் கழுவித் துப்புரவு செய்த பின்னும் அதே கிருமி அங்கே தங்கியிருந்தது. 2016-இல் அமெரிக்காவில் உறைந்த ஸ்ட்ராபெர்ரி வழியாக 143 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை வந்தது. அவர்களில் பெரும்பாலோர் கடையில் ஸ்மூத்தி பருகியவர்கள்.

லிஸ்டீரியா நோய் தெரிய 70 நாட்கள் வரைகூட ஆகலாம். அதற்குள் பாக்கெட் குப்பைக்குப் போயிருக்கும். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும், முதியோருக்கு உயிராபத்தும் நேரக்கூடும். 'நம் கடையில் இதுவரை புகார் வந்ததில்லை' என்று நிம்மதி கொள்வது சரியல்ல.

நாம் செய்ய வேண்டியவை:

1. பாக்கெட்டில் 'சமைத்து உண்ணவும்' என்று இருந்தால் வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லுங்கள். ஜூஸ் கடைக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரிகள் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

2. பட்டாணி, சோளம் போன்ற காய்களை நன்கு கொதிக்கவைத்து, ஆறியபின் அன்றே பயன்படுத்தச் சொல்லுங்கள். அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இறக்குமதியான உறைந்த பெர்ரிப் பழங்களையே ஒரு நிமிடம் கொதிக்கவைக்கச் சொல்கிறது.

3. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். மின்வெட்டின்போது கதவைத் திறக்காதீர்கள். முற்றிலும் உருகி வெதுவெதுப்பான சரக்கை மீண்டும் உறையவைத்து விற்காதீர்கள்.

4. பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். கம்பெனி சரக்கைத் திரும்பப் பெறும்போது அந்த எண்தான் நமக்குத் துணை.

'சமைக்காமல் போடாதீர்கள்' என்று சொன்னால் அன்று ஒரு பாக்கெட் விற்காமல் போகலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கலாம். அதை எண்ணிப் பார்த்தால் நட்டம் எது, இலாபம் எது என்பது நமக்கே விளங்கும்.